குப்பை: பூஜ்யம் கிலோ

போன வாரம் எங்கள் பழைய பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு போன். புதிதாக வந்திருக்கும் அறிவியல் டீச்சர், பெயர் ரேவதி. "வணக்கம் டீச்சர்" என்று அவள் ஆரம்பித்த விதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. சுற்றுச்சூழல் மன்றத்தைப் பிடித்து அந்தப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டார்கள்.

"நீங்க தான் முன்னாடி பார்த்தீங்களாமே டீச்சர். தினமும் குப்பைய எடை போட்டு, போட்டோ எடுத்து, போன்ல ஏத்தணுமாம். மாசாமாசம் எடை கொறையணுமாம். எப்படிங்க டீச்சர் கொறைக்கிறது?"

"குறைக்கிறது ரொம்ப சுலபம்மா. நான் ஒரே மாசத்துல பூஜ்யம் ஆக்கிட்டேன்" என்றேன்.

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பேனாவைத் தேடுகிறாள் என்று தெரிந்தது. "எழுதாதம்மா. முழுசா கேட்டுட்டு அப்புறம் எழுது" என்று சொல்லி ஒரு மணி நேரம் பேசினேன். என் மருமகள் இரண்டு தடவை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். ரேவதியிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் மரியாதையாக எழுதப் பார்க்கிறேன். எத்தனை பாரா வரைக்கும் மரியாதை தாங்கும் என்று சொல்ல முடியாது.

நான் ஜமீலா, தையல் டீச்சர். கோட்டக்குப்பத்தில் பிறந்தேன், புதுச்சேரியில் தையல் படித்தேன், இருபத்துமூன்று வயதில் வேலையில் சேர்ந்தேன், மூன்று ஊர் மாறினேன், கடைசியில் மரக்காணம் உப்பளங்களை ஒட்டியிருந்த பள்ளிக்கூடத்தில் வந்து நின்றேன். என் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்தார். நான் ஈ.சி.ஆர். பஸ்ஸில் இருந்தேன். இருவரும் சம்பாதித்தோம், பிள்ளைகளை என் அம்மா வளர்த்தார். முப்பத்தைந்து வருடத்துக்கு இவ்வளவு போதும்.

தையல் டீச்சர் என்றால் பள்ளிக்கூடத்தில் என்ன மதிப்பு என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. தையலுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. தேர்ச்சி சதவீதம் கிடையாது. ஆகவே அந்த டீச்சருக்கு வேலையே கிடையாது என்பது மற்றவர்களின் தீர்மானம். யாராவது லீவு போட்டால் அந்த வகுப்புக்கு நான். கொடிக்கம்பத்துக் கொடி நைந்துபோனால் நான். ஆண்டு விழாவில் பாரதமாதாவுக்கு ஜாக்கெட் பிரிந்தால், ஊசி நூலோடு மேடைக்குப் பின்னால் நான். சுற்றுச்சூழல் மன்றம் என்று ஒன்று வந்தபோது, அதற்கு யார் என்று யாரும் யோசிக்கக்கூட இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

பொறுப்பைக் கொடுத்தவர் எங்கள் ஹெட்மாஸ்டர் தணிகாசலம் சார். அவரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. ஒல்லியான மனிதர். இஸ்திரி போட்ட கைக்குட்டையை நாற்காலியில் விரித்துத்தான் உட்காருவார். எழுந்ததும் அதை நான்காக மடித்துப் பையில் வைப்பார், பிறகு அதிலேயே முகத்தைத் துடைப்பார். அவருடைய வாயில் எப்போதும் இருக்கும் வாக்கியம் ஒன்று: "எழுத்துல வேண்டாம்." லீவு கேட்டால், "போய்ட்டு வாங்க, எழுத்துல வேண்டாம்." மின்விசிறி ஓடவில்லை என்றால், "வாயால சொன்னா போதும், எழுத்துல வேண்டாம்." எந்த ஊரிலோ ஒரு துண்டுச் சீட்டில் எதையோ எழுதிக் கொடுத்து, அது போகக்கூடாத மேஜைக்குப் போய், அவரை மூன்று மாவட்டம் தள்ளித் தூக்கிப் போட்டார்களாம். அன்றிலிருந்து பேனா என்றால் பயம். சட்டைப் பையில் பச்சை மைப் பேனா ஒன்று இருக்கும். சம்பளப் பட்டியல் தவிர வேறு எதற்கும் அதன் மூடி கழன்று நான் பார்த்ததில்லை.

மன்றத்தின் முதல் சாதனை ஒரு ஊர்வலம். "பிளாஸ்டிக்கை ஒழிப்போம்" என்று எழுதி, பன்னிரண்டடிக்கு எட்டடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பேனரும், அதே படத்தில் சில சின்னப் பேனர்களும் அடித்தோம். இரண்டு கை பூமி உருண்டையைத் தாங்கிக்கொண்டிருக்கும். பக்கத்தில் ஒரு மான். எங்கள் கடற்கரையில் மான் எங்கிருந்து வந்தது என்று பேனர்காரரிடம் கேட்டேன். "சுற்றுச்சூழல்னா மான் வரும்மா" என்றார். மானுக்குப் பக்கத்தில் கைகூப்பியபடி தணிகாசலம் சார், மானைவிடப் பெரியதாக.

ஊர்வலம் முடிந்ததும் சின்னச் சின்ன பேனர்களை நான் வெட்டிப் பை தைத்தேன். தையல்காரி கை சும்மா இருக்காது. கணக்கு டீச்சர் ஒரு பை வாங்கிக்கொண்டு போய் காய்கறியோடு வந்தார். பையில் சாருடைய பாதி முகம், தலைக்கு மேல் இரண்டு முருங்கைக்காய். சார் வராந்தாவில் நின்று ரொம்ப நேரம் அதைப் பார்த்தார்.

"டீச்சர், என் மூஞ்சிய இனிமே எதுக்காவது எடுக்கறதா இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க" என்றார். பிறகு அவசரமாக, "வாயால சொன்னா போதும்."

பெரிய பேனரை வாங்க ஆள் ஏற்கனவே வந்துவிட்டது. அஞ்சலை என்று ஒரு பெண். அவள் மகள் கலைவாணி எங்களிடம் ஆறாம் வகுப்பு ஆ பிரிவு. பள்ளிக்குப் பின்னால் போகும் வரப்பில் இறங்கினால் அஞ்சலையும் அவள் வீட்டுக்காரரும் பார்த்துக்கொள்ளும் ஆறு பாத்திகள் வரும். கடலை ஒட்டிய கழியிலிருந்து உப்புத்தண்ணீர் வாய்க்காலில் வந்து பாத்தியில் நிற்கும், வெயிலில் உப்புப் பூக்கும், இவர்கள் மரப்பலகையால் வாரிக் கரையில் குவிப்பார்கள். பாத்தி அவர்களுடையது அல்ல. குத்தகைக்காரர் சென்னையில் இருந்தார். அவருக்காக ஒரு மேஸ்திரி மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுப் போவார்.

"டீச்சர், அந்தப் பெரிய பேனர வேற யாருக்கும் தந்துடாதீங்க. உப்புக் குவியல் மேல போத்தணும். மழ வந்தா அத்தினியும் கரஞ்சி பூடுது" என்றாள் அஞ்சலை. கொடுத்தேன். அப்படி எங்கள் ஹெட்மாஸ்டர் கைகூப்பியபடி உப்பின் மேல் படுத்தார்.

இனி என் மூளையில் உதித்த திட்டத்துக்கு வருகிறேன்.

தையல் கடையில் ஒரு வழக்கம் உண்டு. தைக்க வரும் ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டில் பெயரும் நம்பரும் எழுதிக் குத்தி வைப்போம். இல்லாவிட்டால் ஒருத்தியின் ஜாக்கெட் இன்னொருத்திக்குப் போய்விடும், பிறகு அந்தத் தெருவில் நாம் நடமாட முடியாது. ஒரு நாள் சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் முறுக்குப் பாக்கெட், மிட்டாய்த் தாள், பால் ஐஸ் கவர் என்று கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தோன்றியது. குப்பைக்கும் நம்பர் போட்டால் என்ன?

போட்டோம். வகுப்புக்கு ஒரு மார்க்கர் பேனா. முதலில் ஸ்கெட்ச் பேனா வாங்கினேன், எண்ணெய்க் கையில் அழிந்துபோனது. "அழியாததா பாத்து வாங்குங்க" என்றார் சார். இன்டர்வலில் எதிர்க் கடையில் பாக்கெட் வாங்கும் பிள்ளை, பிரிப்பதற்கு முன்னால் வகுப்புத் தலைவனிடம் நீட்ட வேண்டும். அவன் வகுப்பு, பிரிவு, வரிசை எண் எழுதுவான். தரையில் பாக்கெட் கிடந்தால் மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் அந்த நம்பரைக் கூப்பிடுவேன். சாயங்காலம் மணி அடித்ததும் கேட்டில் நான் நிற்பேன். ஒவ்வொருவரும் தன் பாக்கெட்டை எனக்குக் காட்டிவிட்டு வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் ஒன்றும் ஏழும் ஒரே மாதிரி இருந்ததால், அந்த இரண்டு பிரிவுக்கும் நானே உட்கார்ந்து எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும், மறைக்க ஒன்றுமில்லை.

சத்துணவுக் கூடத்திலிருந்து தராசு வாங்கி, தினமும் குப்பையை எடை போட்டேன். முதல் வாரம் நான்கு கிலோ. அடுத்த வாரம் இரண்டரை. பிறகு ஒன்று. பிறகு ஒரு நாள் முள் அசையவே இல்லை. சார் வந்து தராசைத் தட்டிப் பார்த்தார். முள் நிமிர்ந்து நின்றது. அலுவலகத்துக்கு வெளியே கரும்பலகையில் என் கையால் எழுதினேன்: இன்றைய குப்பை பூஜ்யம் கிலோ.

அதற்குப் பிறகு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வேறு பள்ளிகளிலிருந்து டீச்சர்கள் வந்து பார்த்தார்கள். ஒரு கூட்டத்தில் பேசச் சொன்னார்கள். அத்தனை வருட வேலையில் மைக் என் பக்கம் திரும்பியது அதுதான் முதல் தடவை. எதிர்க் கடைக்காரர் வழக்கத்தைவிட அதிகமாகவே பாக்கெட் விற்றுக்கொண்டிருந்தார். அது என் கண்ணில் பட்டது. மண்டையில் ஏறவில்லை. மனிதர்களுக்குப் பாராட்டு வந்தால் முதலில் கெடுவது கணக்குத்தான்.

பசுமைப் பள்ளி விருதுக்கு எங்கள் பெயர் போனது. மாவட்டத்திலிருந்து மூன்று பேர் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்தது. நர்சரியிலிருந்து இருபது தொட்டி துளசியை ஒரு நாளைக்கு இரவல் வாங்கினோம். அதிகாரிகளுக்குப் பிளாஸ்டிக் தட்டில் டிபன் வைக்கக்கூடாது என்று பாக்குமட்டைத் தட்டுக்குச் சொன்னார் சார். தட்டுகள் வந்தன, பத்துப் பத்தாக பிளாஸ்டிக் கவரில் போட்டு. கவர்களை நான் என் கைப்பையில் திணித்துக்கொண்டேன். தராசு முள் நம் மானத்தை வாங்கிவிடக்கூடாது அல்லவா.

அவர்கள் வர வேண்டிய நேரம் பதினோரு மணி. அஞ்சலை வந்தது ஒன்பதரைக்கு.

இடுப்பில் ஓர் அன்னக்கூடை. முழங்கால் வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. யாரையும் கேட்காமல் நேராக ஹெட்மாஸ்டர் அறைக்குள் போனாள். துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நான் பின்னாலேயே ஓடினேன். அதற்குள் கூடையை அவர் மேஜை மேல் கவிழ்த்துவிட்டாள்.

எல்லாம் பாக்கெட்டுகள். முறுக்கு, சிப்ஸ், மிட்டாய். ஒவ்வொன்றின் மேலும் உப்புப் பூத்து, கல்கண்டு ஒட்டியது போல் கெட்டியாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் மூலையில் கறுப்பு மையில் நம்பர். 7 அ 31. 8 ஆ 9. 6 ஆ 22.

"இது இன்னாங்க சார்?" என்றாள் அஞ்சலை. "ரெண்டு மாசமா பொறுக்கறேன். பள்ளிக்கூடம் வுட்டா அத்தினியும் வரப்பு மேல வந்து வாய்க்கால்ல வுழுது. காத்து அட்ச்சா நேரா பாத்தியில. உப்போட சேர்ந்து பூத்துடுது. குவியல்ல இத பாத்துட்டு, வாங்க வந்த லாரிக்காரன் வேணாம்னுட்டு பூட்டான். மேஸ்திரி நான் பாத்திய பாத்துக்கறதில்லன்றான். இன்னிக்கி பன்னெண்டு மணிக்கு வேற ஆள இட்டுனு வர்றானாம், ஆறு பாத்தியும் அவங்களுக்காம்."

சார் கைக்குட்டையை எடுத்தார். "நாங்க இன்னாம்மா பண்ணணும்?"

"வந்து சொல்லுங்க. இது உங்க குப்பன்னு மேஸ்திரி கிட்ட ஒரு வார்த்த சொல்லுங்க. எழுதிக் குடுத்தீங்கன்னா இன்னும் நல்லது."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் மாறியது. மேஜையைக் கிளறினார். ஒரு பாக்கெட்டை விரல் நுனியில் தூக்கினார். "6 ஆ, 14. இது கலைவாணி. உங்க பொண்ணு தானே? உங்க வூட்டுப் புள்ளயே போட்டிருக்குது. இதுல பள்ளிக்கூடம் எங்க வருது?"

"ஆமா, என் பொண்ணு தான். வூட்டுக்கு எடுத்துனு போன்னு டீச்சர் சொன்னாங்கன்னு எடுத்துனு வந்தா. வூட்ல எங்க சார் போடறது? எங்க தெருவுல குப்ப வண்டி வந்து நீங்க பாத்திருக்கீங்களா? நான் தான் வாங்கி வாசல்ல போட்டேன். காத்து எடுத்துனு போச்சி. நீங்க குப்பைய ஒழிச்சீங்களா, எங்க வூட்டுக்கு அனுப்பிச்சீங்களா?"

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். அல்லாவே, தரை பிளந்து என்னை உள்ளே வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது. நம்பர் எழுதினேன், எடை போட்டேன், கேட்டில் நின்றேன், மைக்கில் பேசினேன். கேட்டைத் தாண்டி அது எங்கே போகிறது என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள், இருபதடி நடந்து நான் பார்த்ததில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிடும் என்று எதிர்ப்பக்கமாகவே நடந்துகொண்டிருந்தேன்.

"இன்னிக்கி இன்ஸ்பெக்‌ஷன்மா. நாளைக்கு வா, பாக்கலாம்" என்றார் சார்.

"நாளைக்கு இன்னாத்த பாக்கறது? நாளைக்கு என் பாத்தியில வேற ஒருத்தி நிப்பா." கூடையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். என்னைக் கடக்கும்போது நின்றாள். "நீங்க நல்லவங்கன்னு நெனச்சேன் டீச்சர்" என்றாள். போய்விட்டாள்.

சார் மேஜை மேல் இருந்ததை எல்லாம் ஒரு சாக்கில் தள்ளிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தார். மேஜையில் உப்பு சிதறிக் கிடந்தது. கைக்குட்டையாலேயே துடைத்தார். கலைவாணியின் பாக்கெட் கீழே விழுந்திருந்ததை அவர் பார்க்கவில்லை. நான் எடுத்தேன். 6 ஆ 14. எழுத்து பளிச்சென்று இருந்தது. என் எழுத்து.

அதிகாரிகள் சரியாகப் பதினோரு மணிக்கு வந்தார்கள். ஒரு அம்மா, இரண்டு ஆண்கள். அந்த அம்மாதான் மூத்தவர், கையில் குடை. துளசியைப் பார்த்தார்கள், பாராட்டினார்கள். கழிப்பறையைத் தூரத்திலிருந்து பார்த்தார்கள். கரும்பலகையில் பூஜ்யத்தைப் பார்த்து ஒருவர் போட்டோ எடுத்தார். குப்பைப் பதிவேட்டைச் சார் இரண்டு கையாலும் நீட்டினார். பிறகு வடையும் கேசரியும் வந்தன. மூன்று பேரும் சாப்பிட்டார்கள். அந்தப் பூஜ்யம் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது அவர்கள் மேல் வந்த கோபத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நானே கேட்காததை அவர்கள் ஏன் கேட்கப் போகிறார்கள்?

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது. அந்த அம்மா கை துடைத்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க டீச்சர், எப்படி சாதிச்சீங்க?"

ஒரு பக்கத்துக்கு மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். "வருங்காலத் தலைமுறைக்கு" என்று ஆரம்பித்தேன். அத்தோடு நிறுத்திவிட்டேன். கைப்பையைத் திறந்து அந்தப் பாக்கெட்டை எடுத்து, அவருடைய பாக்குமட்டைத் தட்டில், வடைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"சாதிக்கல மேடம். தள்ளி விட்டுட்டோம். குப்பை எல்லாம் பின்னாடி உப்பளத்துல இருக்குது. இன்னும் இருபது நிமிஷத்துல அதனால ஒரு பொம்பள வேலைய விட்டு போகப் போறா."

சார் கண்ணை மூடிக்கொண்டார். கூட வந்தவரில் ஒருவர், "டீச்சர், இதெல்லாம் இப்ப எதுக்கு? விருது உங்களுக்கு வர்ற நேரத்துல" என்று குரலைத் தாழ்த்தினார். அந்த அம்மா பாக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். உப்பை நகத்தால் சுரண்டினார்.

"நம்பர் யார் எழுதினது?"

"நான் தான் மேடம்."

பாதி வடையைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்தார். குடையை எடுத்தார். "எவ்வளவு தூரம்?"

வரப்பில் வரிசையாகப் போனோம். முன்னால் குடை, பின்னால் நான், எனக்குப் பின்னால் இரண்டு அதிகாரிகள், கடைசியில் கைக்குட்டையைத் தலையில் போட்டுக்கொண்டு தணிகாசலம் சார். ஆடி வெயில். பாத்திகளின் வெள்ளை கண்ணைக் குத்தியது. வாய்க்காலின் மடையில் பாக்கெட்டுகள் அடைத்துக்கொண்டு, தண்ணீர் ஓரமாக வழிந்துகொண்டிருந்தது. அந்த அம்மா குடையின் நுனியால் ஒவ்வொன்றாகப் புரட்டி, வருகைப் பதிவேடு படிப்பது போல் படித்தார். "7 அ, 31. 8 ஆ, 9. 7 ஆ, 2."

பின்னாலிருந்து முணுமுணுப்புக் கேட்டது. "தமிழரசன். நிவேதா. ஷாகுல்." சார்தான். யாரும் கேட்காமல் சொல்லிக்கொண்டே வந்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேரின் நம்பரும் பெயரும் அந்த மனிதருக்குத் தெரியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அத்தனை வருடமாக அவரைப் பற்றிக் கிண்டல் மட்டுமே செய்துகொண்டிருந்ததற்கு வெட்கப்பட்டேன். கிண்டலை விட்டுவிட்டேன் என்று சொல்லவில்லை.

மேஸ்திரி ஏற்கனவே வந்திருந்தார். மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு புருஷன் பெண்சாதி, பலகையோடு. அவர்களுக்கும் முகம் சரியில்லை. அடுத்தவர் பாத்தியில் கால் வைக்க யாருக்குத்தான் ஆசை? அஞ்சலை குவியலுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குவியல் மேல் பூமி உருண்டை, மான், கைகூப்பிய எங்கள் சார்.

நான் மேஸ்திரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நம்பர்களைக் காட்டினேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"எனக்குப் புரியுதுங்க டீச்சர். எனக்குப் புரிஞ்சி இன்னா பிரயோஜனம்? ஓனரு சென்னையில உக்காந்துனு, பொம்பள சோம்பேறின்றாரு. வாயால சொன்னா நான் இவங்க கிட்ட ஏதோ வாங்கினு பேசறேன்னுவாரு. எழுதிக் குடுங்க, போட்டோ எடுத்து இப்பவே அனுப்பிச்சிடறேன்."

எல்லோரும் ஹெட்மாஸ்டரைப் பார்த்தோம். அவர் உப்பின் மேல் கைகூப்பிக்கொண்டிருந்த தன் முகத்தைப் பார்த்தார்.

"பேப்பர் எதுவும் எடுத்துட்டு வரலயே" என்றார். குரலில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது.

அந்த அம்மா கோப்பைத் திறக்கப் போனார். அதற்குள் அஞ்சலை பேனரின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்துப் புரட்டிப் போட்டாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. "இதுல எழுதுங்க. இது கிழியாது, மறையாது" என்றாள்.

என் கைப்பையில் மார்க்கர் பேனா இருந்தது. மண்டிபோட்டு எழுதினேன். "இந்த ஆறு பாத்திகளில் சேர்ந்த குப்பை எங்கள் பள்ளிக்கூடத்துக் குப்பை. பாத்தி பார்க்கும் அஞ்சலை மேல் எந்தத் தவறும் இல்லை. குப்பையை நாங்களே பொறுக்கிச் சுத்தம் செய்து தருகிறோம்." கீழே கையெழுத்து, தையல் ஆசிரியை.

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "டீச்சர் போட்டது பத்தாதுங்களே. பெரியவரு போடணும்."

நான் சாருடைய முகத்தைப் பார்க்காமல் இருக்க மிகவும் முயன்றேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை என் முன்னால் நீண்டது. "குடுங்க டீச்சர்."

பேண்ட்டை முழங்காலுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார். நான் எழுதியதை இரண்டு தடவை படித்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். முழுக் கையெழுத்து, முதலெழுத்தோடு, கீழே தலைமை ஆசிரியர் என்று எழுதி, அதற்குக் கீழே ஒரு கோடு. எழுந்து பேனாவை மூடி என்னிடம் கொடுத்தார்.

"சீல் ஆபீஸ்ல இருக்குது" என்றார் மேஸ்திரியிடம். "வேணும்னா நாளைக்கு வெச்சித் தர்றேன்."

போட்டோ போனது. கால் மணி நேரத்தில் சென்னையிலிருந்து போன் வந்தது. மேஸ்திரி தள்ளிப் போய்ப் பேசினார். திரும்பி வந்து அந்தப் புதுப் புருஷன் பெண்சாதியிடம், "நீங்க கிளம்புங்க, வேற எடம் பாக்கலாம்" என்றார். அவர்கள் வந்ததைவிட வேகமாகப் போனார்கள். அஞ்சலை எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும். "சும்மா நிக்கிறீங்களே டீச்சர், அந்த மூலைய புடிங்க, போத்தலாம். காத்து அடிக்கிது" என்றாள். நானும் அவளும் ஆளுக்கு ஒரு மூலையைப் பிடித்து ஹெட்மாஸ்டரைத் திரும்ப உப்பின் மேல் விரித்தோம்.

விருது வரவில்லை. பதிலாக, பூஜ்யம் என்று பதிவேட்டில் எழுதியதற்கு விளக்கம் கேட்டு சாருக்கு ஒரு கடிதம் வந்தது. அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் என்னிடம் சொன்னார். "எழுத்துல கேட்டாங்க டீச்சர். எழுத்துலயே குடுத்துட்டேன்." கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தார். மறுவருடம் அவரை மாற்றினார்கள், அவ்வளவு தூரமில்லை.

அடுத்த மூன்று சனிக்கிழமையும் பிள்ளைகளோடும் டீச்சர்களோடும் வாய்க்காலில் இறங்கிப் பொறுக்கினோம். கணக்கு டீச்சர் அந்த முருங்கைக்காய்ப் பையோடு வந்தார். வெங்காய மூட்டை வலைகளைச் சேர்த்துத் தைத்து மடையில் கட்டினேன். என் தையல் வாழ்க்கையில் உருப்படியாகத் தைத்தது அதுதான். எதிர்க் கடைக்காரரோடு ஒரு வாரம் சண்டை போட்டு, முறுக்கை டப்பாவில் கொட்டித் தாளில் மடித்து விற்க வைத்தேன். பாக்கெட் குறைந்தது, ஒழியவில்லை. நம்பர் போடுவதை நிறுத்தினோம், வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்வதையும் நிறுத்தினோம். கரும்பலகையில் ஒன்றேகால் கிலோ, ஒன்றரை கிலோ என்று உள்ளதை எழுதினேன். பூஜ்யம் திரும்ப வரவே இல்லை. எடை போட்ட மூட்டையை ஊராட்சி வண்டி வந்து எடுக்கும் வரை தினம் ஒருவர் போய் ஊராட்சி அலுவலக வாசலில் நின்றோம். எட்டு மாதம் நின்றோம்.

போன வருடம் நான் ரிட்டையர் ஆனேன். மாலை, சால்வை, எல்லோரும் என்னைப் பற்றி அதுவரை யோசிக்காத நல்ல வார்த்தைகள். கூட்டம் முடிந்து வெளியே வந்தால் கேட்டில் அஞ்சலை. கையில் நான் தைத்த பை, அதில் உப்பு. உப்பின் மேல் ஒரு பாக்கெட்.

"வாய்க்கால ஆழம் பண்ணாங்க டீச்சர், அடியில இருந்து வந்திச்சி. நீங்க பாக்கணும்னு எடுத்தாந்தேன்."

முறுக்குப் பாக்கெட். சாயம் போய் வெளுத்திருந்தது, படம் போயிருந்தது, கம்பெனி பெயர் போயிருந்தது. மூலையில் கறுப்பு மை மட்டும் அப்படியே இருந்தது. 6 ஆ 14.

"கலைவாணி நர்சிங் முடிச்சி வேலைக்கே பூட்டா. அவ தின்னுட்டு போட்டது இன்னொன்னு இன்னும் இங்கயே கீது பாருங்க" என்றாள் அஞ்சலை. "உங்க எழுத்து நல்ல எழுத்து டீச்சர்."

இதையெல்லாம் கேட்டு முடித்த ரேவதி ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்தப் பாக்கெட் இன்னும் வெச்சிருக்கீங்களா டீச்சர்?"

தையல் மிஷினுக்கு மேல், நூல்கண்டு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேசும்போது அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்குதும்மா" என்றேன். "அது எங்க போகப் போகுது?"